தைலவண்ண உருவப்படம்: ஒரு வித்தையின் வரலாறு

பழைமை வாய்ந்த கல்லூரி மண்டபம் எதனுள்ளும் நுழைவோர் கண்ணில் முதலிற் படுவன சுவரில் விளங்கும் உருவப்படங்களேயாம். தாபகர், அதிபர், கொடையாளர் ஆகியோர் பொன்னிறச் சட்டங்களினுள்ளே அமர்ந்து, கீழே நிகழ்வனவற்றை ஓயாது நோக்கிக்கொண்டிருப்பர். தலைமுறைகள் பல அவர்முன் வந்து போயின. மாணாக்கர் அப்பெரியோரின் பெயரை அறிவர். அவர் ஆற்றிய தொண்டினையும் ஓரளவு அறிவர். ஆனால், அவ்வுருவம் கித்தானில் வந்து குடியேறியது எவ்வாறு, அவ்வித்தை எங்குப் பிறந்தது, எவர் கைவழியே வந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. அது மேனாட்டார் கலை, அவர் கொணர்ந்தனர், கீழ்நாட்டார் கற்றனர் என ஒரே தொடரில் விடை கூறி அமைவோரே பலர். அவ்விடையில் உண்மை ஒரு பகுதியே உண்டு. எஞ்சிய பகுதியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புமையும் பாரதநாட்டு மரபும்

ஒருவரைப் போலவே அவருருவத்தைத் தீட்டவேண்டும் என்னும் ஆசை எந்நாட்டார்க்கும் பொதுவானது. பாகவதம் கூறும் உஷையின் கதையில், கனவிற் கண்ட காதலன் யாவன் என அறியாது வருந்திய தலைவிக்குத் தோழி சித்திரலேகை தேவரையும் மன்னரையும் ஒருவர்பின் ஒருவராக வரைந்து காட்டுகின்றாள். அநிருத்தனின் உருவத்தைக் கண்டதும் உஷை நாணித் தலைகவிழ்கின்றாள். உருவ ஒப்புமையின் ஆற்றலை உணர்ந்த சமுதாயத்திலேயே இத்தகைய கதை பிறத்தல் கூடும். கதையன்றி நூலும் இதற்குச் சான்று பகர்கின்றது. 12ஆம் நூற்றாண்டிற் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், ஓவிய வகைகளுள் ஒன்றாகிய வித்த சித்திரத்தைக் கண்ணாடியில் தோன்றும் நிழல் போன்று ஒத்திருப்பது என வகுத்துரைக்கின்றது.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தஞ்சைப் பெருங்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர்கால ஓவியத்தின்கீழ் மறைந்துகிடந்த சோழர்கால ஓவியங்கள் 1931ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. அவற்றுள் தாடியுடன் முன்னிற்கும் முதியவர் ஒருவரும் அவர்பின் நிற்கும் இளையவர் ஒருவரும் கருவூர்த்தேவரும் முதலாம் இராசராசனும் ஆவர் என அறிஞர் பலர் கருதுவர்.

எனினும், மானிட உருவத்திற்கு அம்மரபு கொடுத்த இடம் சிறிதே. தெய்வ வடிவம் அமைத்தல் நன்மை பயக்கும், மானிட வடிவம் அமைத்தல் அத்தகையதன்று என்பது சுக்கிரநீதி சாரத்தின் கொள்கை. ஆகவே, பாரதநாட்டார்க்கு ஒப்புமை பற்றிய அறிவு இருந்தது. அதனைப் பெரிதாகப் போற்றி வளர்க்கும் வேட்கையே குறைந்திருந்தது. அதனோடு ஒரு கருவியும் குறைந்திருந்தது. அக்கருவியே எண்ணெய்.

எண்ணெயின் இயல்பு

வண்ணப்பொடி தானாகச் சுவரிலோ பலகையிலோ ஒட்டாது. அதனைப் பிணிக்க ஒரு பசை வேண்டும். பிசினும், வச்சிரமும், முட்டையின் மஞ்சட்கருவும் பண்டுதொட்டு இதற்குப் பயன்பட்டன. இவை விரைவில் உலர்வன. முட்டைக்கருவிற் குழைத்த வண்ணம் தூரிகையை விட்டு நீங்கிய சிறிது நேரத்திலேயே காய்ந்துவிடும். ஆதலால், ஒளியிலிருந்து நிழலுக்குச் செல்லும் கன்னத்தின் வளைவை ஓவியன் நுண்ணிய கோடுகள் பலவற்றை அருகருகே இட்டே காட்டல் வேண்டும்.

ஆளிவிதை, அக்குரோட்டு, கசகசா ஆகியவற்றின் எண்ணெய்கள் வேறு இயல்பின. நீர் ஆவியாதல்போல இவை உலர்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல உட்கொண்டு, நாட்கள் பல கழிந்தபின் வன்மையான படலமாக மாறுகின்றன. தேங்காயெண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் இவ்வாறு உறைந்து இறுகும் ஆற்றல் இல்லை. உலரும்வரை ஈரமாயிருத்தலால், ஒரு வண்ணத்தை மற்றொன்றனுள் எல்லை தெரியாவண்ணம் இழைத்தல் எளிதாகின்றது. உலர்ந்தபின் அதன்மேல் மெல்லிய வண்ணப் படலம் ஒன்றை இட்டால், ஒளி அதனூடு சென்று கீழுள்ள வண்ணத்திற் பட்டு மீள்கின்றது. மனிதத் தோலும் ஏறக்குறைய இவ்வாறே ஒளியை உள்வாங்கி வெளிவிடுகின்றது. முகத்தின் உயிர்ப்பைக் காட்டுதற்கு இதனினும் ஏற்ற பொருள் நெடுங்காலமாக அறியப்படவில்லை.

மறைவித்தை என்னும் கதை

இவ்வித்தையைக் கண்டுபிடித்தவர் பிளாந்தர்சு நாட்டு ஓவியர் யான் வான் ஐக் என்பது நெடுநாள் நிலவிய நம்பிக்கை. 1550ஆம் ஆண்டில் ஓவியர் வரலாற்றை வெளியிட்ட இத்தாலிய ஆசிரியர் வசாரியே அதனைப் பரப்பியவர். வான் ஐக் அதனை மறைத்து வைத்திருந்தார் என்றும், பின்னர் அது ஒருவர் வழியாக இத்தாலியை அடைந்தது என்றும், அதனை அறிந்த தொமினிக்கோ வெனிசியானோ என்பவரை அந்திரேயா தெல் கசுத்தாஞோ என்னும் ஓவியர் பொறாமையாற் கொன்றார் என்றும் வசாரி எழுதினார். கதை சுவையுடையது, ஆயினும் வரலாறு அதனை ஏற்கவில்லை. கொன்றவராகச் சொல்லப்படும் கசுத்தாஞோ 1457இல் இறந்தார். கொல்லப்பட்டவராகச் சொல்லப்படும் தொமினிக்கோ 1461வரை வாழ்ந்தார்.

எண்ணெயை வான் ஐக் கண்டுபிடித்தார் என்பதும் நிலைக்கவில்லை. அவருக்கு முந்நூறு ஆண்டுகளின் முன், 12ஆம் நூற்றாண்டில், தியோபிலஸ் என்னும் துறவி எண்ணெயில் வண்ணம் குழைக்கும் முறையைத் தம் நூலில் விளக்கியுள்ளார். அதனினும் வியப்பானதொரு செய்தி 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆப்கானித்தானத்திலே பாமியன் மலைக்குகைகளிலுள்ள பௌத்த ஓவியங்களின் வண்ணத்தை ஆராய்ந்த அறிஞர், ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்த சிலவற்றில் உலரும் எண்ணெய் பயன்பட்டிருத்தலைக் கண்டனர். 2001ஆம் ஆண்டில் பெரும் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்ட அதே மலைச்சாரலில், எண்ணெய் வண்ணத்தின் மிகப் பழைய சான்றுகள் எஞ்சியிருந்தன. எண்ணெய் மேனாட்டாரின் தனியுடைமை என்னும் கூற்று இதனால் வலியிழக்கின்றது.

இவ்வாறு கூறுதல் வான் ஐக்கின் பெருமையைக் குறைப்பதாகாது. பழைய பொருளொன்றின் முழு ஆற்றலையும் வெளிக்கொணர்ந்தவர் அவரே. இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திலே அவர் 1433இல் தீட்டிய செந்நிறத் தலைப்பாகை மனிதரின் படம் உள்ளது. ஒரு சாண் உயரத்திற்குச் சற்று மேற்பட்ட அச்சிறு பலகையில், மழிக்காத தாடையின் மயிர்முளைகளும், கண்ணின் வெண்படலத்திலோடும் செந்நரம்பும் தெளிவாகக் காணப்படுகின்றன. அது ஓவியரின் சொந்த உருவமே என்பர். அதன் சட்டத்தில் 'என்னால் இயன்றவாறு' என்னும் பொருள்படும் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. வித்தையின் எல்லையை உணர்ந்தவனுக்கே அத்தகைய அடக்கம் வாய்க்கும்.

தீட்டும் முறை

பின்வந்த நூற்றாண்டுகளில் பலகையின் இடத்தைக் கித்தான் பெற்றது. உருவப்படம் தீட்டும் முறையும் ஓர் ஒழுங்கில் அமைந்தது. சணல்நூற் கித்தானை மரச்சட்டத்தில் இழுத்து அறைந்து, முதலில் வச்சிரம் பூசுவர்; அன்றேல் எண்ணெய் நாரிற் படிந்து காலப்போக்கில் அதனை அரித்துவிடும். அதன்மேல் வெள்ளைப் பூச்சும், அதன்மேற் பெரும்பாலும் தவிட்டு நிறமோ சாம்பல் நிறமோ ஆகிய மெல்லிய பூச்சும் இடுவர். அமர்பவரைச் சற்று உயர்ந்த மேடையில் இருத்தி, ஒளி ஒருபுறத்திலிருந்து மட்டும், மேலிருந்து விழுமாறு செய்வர். அப்போதுதான் நெற்றியும் மூக்கும் ஒருபுறம் விளங்க, மறுபுறம் நிழலில் ஆழ்ந்து, முகம் திரட்சி பெறும்.

தொடக்கத்திற் கண்ணையோ வாயையோ தீட்டும் ஓவியன் பிழைபடுவான். தலையின் பெரும் ஒளிப்பரப்பையும் நிழற்பரப்பையும் முதலில் வகுத்தல் வேண்டும். முகத்திற்கு வேண்டிய வண்ணங்கள் மிகச் சில: ஈயவெள்ளை, மஞ்சட்காவி, சாதிலிங்கம், கரி ஆகிய நான்குகொண்டே பழைய ஓவியர் பலர் முகம் முழுவதையும் முடித்தனர். கீழ்ப்படலத்தில் எண்ணெய் குறைவாகவும் மேற்படலங்களில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் மேற்பரப்பு வெடிக்கும். நிழலை மெல்லியதாகவும் ஒளியைத் தடிப்பாகவும் இடுவர். கண்மணியிற் புள்ளியாக விழும் ஒளி இறுதியில் இடப்படுவது. அஃது இடப்பட்டவுடன் உருவம் பார்க்கத் தொடங்குகின்றது. வண்ணம் நன்கு உலர மாதங்கள் பல ஆகும். அதன்பின்னரே வார்னிஷ் பூசுவர்.

விதி மீறியோர் அதன் பயனைக் கண்கூடாகக் கண்டனர். இலண்டன் அரச கலைக்கழகத்தின் முதல் தலைவராக 1768இல் அமர்ந்த சேர் யோசுவா றெயினோல்ட்ஸ், முகத்திற்கு நிலையில்லாச் செஞ்சாயங்களைப் பயன்படுத்தினார். அவர் தீட்டிய முகங்கள் சில அவர் வாழ்நாளிலேயே வெளிறின. கலைத்திறன் மிக்கோரையும் பொருளியல்பு மன்னிப்பதில்லை.

மற்றொரு இடர் பொருளைச் சார்ந்ததன்று, அமர்பவரைச் சார்ந்தது. உருவப்படத்திற்குப் பணம் கொடுப்பவர் தம்மை அழகராகக் காணவே விழைவர். ஓவியனின் கண்ணோ உள்ளதையே காணும். வெலாஸ்கெஸ் 1650ஆம் ஆண்டில் உரோமாபுரியிற் பாப்பரசர் பத்தாம் இன்னசெந்தின் உருவத்தைத் தீட்டியபோது, ஐயமும் கூர்மையும் நிறைந்த அந்நோக்கினை மறைக்க முயன்றாரல்லர். படம் அளவுகடந்து உண்மையாயுள்ளது எனப் பாப்பரசர் கூறினார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. ஆயினும் அவர் அதனை ஏற்றுக்கொண்டார். அது இன்றும் உரோமாபுரியில் உள்ளது. முகமன் கூறும் படத்திற்கும் உண்மை கூறும் படத்திற்கும் உள்ள வேறுபாட்டை அதன்முன் நிற்போர் உணர்வர்.

கிழக்கு நோக்கி வந்த வழி

இந்தியாவுக்கு இவ்வித்தை வணிகத்தின் பின்னே வந்தது. 1769இல் தில்லி கெற்றில் என்னும் ஆங்கில ஓவியர் சென்னைக்கு வந்து, ஆர்க்காட்டு நவாப்பு முகமது அலியின் உருவத்தைத் தீட்டினார். சீரங்கபட்டணம் வீழ்ந்த 1799ஆம் ஆண்டின் பின் தோமஸ் இக்கி என்பவர் தென்னாட்டிற் பலரைத் தீட்டினார்; நில அளவையாளர் கொலின் மக்கென்சியை அவர்தம் இந்திய உதவியாளருடன் 1816இல் அவர் தீட்டிய படம் புகழ்பெற்றது. இவர்கள் வந்தனர், தீட்டினர். கற்பிக்கும் எண்ணம் அவர்க்கு இருந்திலது. சென்னையில் வைத்தியர் அலெக்சாந்தர் அன்றர் 1850இல் ஓவியப் பள்ளியை நிறுவும்வரை, இவ்வித்தையைக் கற்க விரும்பிய இளைஞன் அரண்மனை ஓவியர் எவரையேனும் அடுத்தே கற்றல் வேண்டும்.

அவ்வாறு கற்க முயன்றவருள் ஒருவரே இரவிவர்மா. 1848ஆம் ஆண்டு ஏப்பிரில் 29ஆம் நாள் திருவிதாங்கூர்க் கிளிமானூரிற் பிறந்த அவருக்கு, முதலாசிரியர் தாய்மாமன் இராசராசவர்மா. தாய்மாமன் தஞ்சாவூர் முறையில் வல்லவர். அம்முறையில் அணிகலனைக் காட்டுதற்குப் பொற்றகட்டையே ஒட்டுவர், மணிகளைப் பதிப்பர். தைலவண்ணத்திலோ பொன்னிற்குப் பொன் வேண்டுவதில்லை. மஞ்சட்காவியும் தவிட்டு நிறமும் உரிய இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும் பொன்னாகத் தோன்றும். முன்னையது பொருளையே வைப்பது. பின்னையது அதன் ஒளியை வைப்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லுதல் கைப்பழக்கத்தை மாற்றுதல் மட்டுமன்று, காணும் முறையையே மாற்றுதலாகும்.

1862இல், பதினான்கு வயதில், அவர் திருவனந்தபுரம் சென்று ஆயில்யம் திருநாள் மகாராசாவின் ஆதரவைப் பெற்றார். அரண்மனையில் தைலவண்ணம் அறிந்தவர் மதுரையிலிருந்து வந்த இராமசாமி நாயக்கர். இளைஞர் தமக்குப் போட்டியாவார் என அஞ்சி, அவர் கற்பிக்க மறுத்தார் என இரவிவர்மாவின் வரலாற்றை எழுதினோர் கூறுவர். ஆனால், நாயக்கரின் மாணாக்கராகிய ஆறுமுகம்பிள்ளை, ஆசிரியர் அறியாதவாறு இராக்காலத்தில் இரவிவர்மாவின் இல்லத்திற்கு வந்து, தாம் கற்றதைப் பகிர்ந்துகொண்டார். 1868இல் தியோடர் யென்சன் என்னும் மேனாட்டு ஓவியர் மகாராசாவைத் தீட்ட வந்தார். அவரும் பாடம் சொல்ல இசையவில்லை. தாம் தீட்டும்போது அருகே நின்று பார்க்க மட்டும் மகாராசாவின் பொருட்டு உடன்பட்டார். வண்ணம் கலக்கும் அளவையும் தூரிகையின் ஓட்டத்தையும் இளைஞர் கண்ணாலேயே கற்றார்.

ஈண்டு மூவகை ஆசிரியர் காணப்படுகின்றனர்: மறைத்தவர் ஒருவர், பார்க்கவிட்டவர் ஒருவர், இரவில் வந்து கொடுத்தவர் ஒருவர். வசாரியின் கதையிற் பொய்யாகச் சொல்லப்பட்ட மறைப்பு, திருவனந்தபுரத்தில் மெய்யாகவே நிகழ்ந்தது. அதனால் இழப்பு நேராதவாறு காத்தது ஓர் எளிய மாணாக்கரின் உள்ளப்பாங்கு.

உருவப்பட ஓவியராக

1870இற் கோழிக்கோட்டு நீதிபதி ஒருவரின் குடும்பப் படத்தைத் தீட்டியதே கூலிபெற்று அவர் செய்த முதற்பணி என்பர். 1873இல் மல்லிகைச்சரம் சூடும் நாயர் பெண்ணின் படம் சென்னைக் கண்காட்சியிற் பொற்பதக்கம் பெற்றது. அவ்வாண்டில் வியன்னாவிலும் அவருக்குப் பரிசு கிடைத்தது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் உருவத்தை 1878இல் தீட்டினார். பின்னர் பரோடா, மைசூர் முதலிய சமத்தானங்கள் அவரை அழைத்தன. 1893இற் சிக்காக்கோ உலகக் கண்காட்சிக்கு அவர் படங்கள் பத்துச் சென்றன.

இவ்வுருவப்படங்களில் அவர் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல் புதியது. மேனாட்டு ஆசிரியர் வகுத்த கலவைகள் வெண்ணிற மேனிக்கு உரியன. மாநிறத்திற்கு அவை பொருந்தா. கரிய மேனியில் நிழல் கரியாக இறுகிவிடாமல், அதனுள் செம்மையும் வெம்மையும் தங்கச் செய்தல் வேண்டும். நெற்றியின் திலகம், காதணியின் எடையால் தாழ்ந்த செவி ஆகியவற்றிற்கு ஐரோப்பிய ஓவியத்தில் முன்மாதிரி இல்லை. அவற்றை அவரே கண்டு அமைத்தார். ஆகவே, வித்தை பிறருடையதாயினும் அதனால் விடை காணப்பட்ட வினாக்கள் இந்நிலத்தினுடையவை.

தாம் பெற்றதை அவர் மறைத்தாருமல்லர். தம்பி இராசராசவர்மா அவருடன் ஊரூராகச் சென்று, படங்களின் பின்புலத்தைத் தீட்டுவதில் உறுதுணையாயிருந்தார். அவர் எழுதிய நாட்குறிப்பு அவர்களின் தொழில்முறையை அறிதற்குச் சிறந்த ஆதாரமாகும். தங்கை மங்களாபாயும் ஓவியரானார். அவர் தீட்டிய தமையனின் உருவப்படம் அக்குடும்பத்தில் வித்தை பரவியதற்குச் சான்று. 1894இற் பம்பாயில் அச்சகம் நிறுவி, தெய்வப் படங்களை வண்ண அச்சில் ஏழை இல்லங்களுக்கும் எட்டச் செய்தார். படங்களை அச்சிற் பெருக்குமாறு அவரைத் தூண்டியவர், கும்பகோணத்திற் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சேர் மாதவராவ். அம்மரபில் எழுந்த இலக்குமி, சரசுவதி படங்கள் கடல் கடந்து யாழ்ப்பாணத்துப் பூசையறைகளிலும் இடம்பெற்றன. 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் இரவிவர்மா காலமானார்.

ஆனந்தக் குமாரசுவாமியின் கண்டனம்

அவர் மறைந்தபின் அவர்தம் கலையை வன்மையாக மறுத்தவர் இலங்கைத் தமிழர் குடியினர் ஒருவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராக 1877இற் கொழும்பிற் பிறந்த ஆனந்தக் குமாரசுவாமி, 1907இல் எழுதிய கட்டுரையில், இரவிவர்மாவின் படங்களில் நாடக மேடைத்தன்மை மிக்கிருக்கின்றது என்றும், புனிதமான பொருள்களைக் கையாளும்போது கற்பனையும் இந்திய உணர்வும் குன்றுகின்றன என்றும் குறை கூறினார். தெய்வம் தியானத்திற் காணப்படவேண்டியது. மாதிரிக்கு அமர்த்திய பெண்ணின் முகத்திற் காணப்படுவதன்று என்பதே அவர் கருத்தின் சாரம்.

அக்கண்டனத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. சிற்பி செதுக்கிய நடராசர் திருவுருவத்தின்முன் நின்றவர்க்கு, பட்டுச்சேலை உடுத்து நிற்கும் தேவியின் தைலவண்ணப் படம் மானிடமாகவே தோன்றும். எனினும், கண்டனம் எதன்மேல் எய்யப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். அது தெய்வப் படங்களையும் புராணப் படங்களையும் சாடுவது. உருவப்படத்தின் நோக்கமோ வேறு. குறித்த காலத்தில், குறித்த ஊரில் வாழ்ந்து மறைந்த ஒருவரை, அவருக்கே உரிய நெற்றிச் சுருக்கத்தோடும் கண்ணின் களைப்போடும் பின்வருவோர்முன் நிறுத்துதலே அதன் பணி. அப்பணிக்கு ஒப்புமையே உயிர். கோயிற் கலையில் குறையாக நிற்பது, உருவப்படத்தில் நிறைவாக மாறுகின்றது. இரவிவர்மாவின் தெய்வங்களை ஏலாதவரும், அவர் தீட்டிய மனிதரை ஏற்றல் கூடும்.

அதேவேளையில், குமாரசுவாமியின் எச்சரிக்கை உருவப்பட ஓவியர்க்கும் உரியதே. பட்டையும் பதக்கத்தையும் நாற்காலியின் செதுக்கு வேலையையும் பழுதின்றித் தீட்டி, மனிதரைத் தவறவிட்ட படங்கள் அரண்மனைகளிலும் மண்டபங்களிலும் மலிந்துள்ளன. ஒப்புமை தோலோடு நின்றுவிட்டால் அது வெறும் ஆடையலங்காரமே. அகம் புறத்தில் எங்கே வெளிப்படுகின்றது எனக் கண்டு, அவ்விடத்தில் மட்டும் அழுத்தம் கொடுப்பவனே உருவப்பட ஓவியன்.

முடிவுரை

இரவிவர்மாவின் படைப்புக்களை இந்திய அரசு 1979ஆம் ஆண்டிற் கலைச்செல்வங்களாக அறிவித்து, நாட்டைவிட்டு அவற்றைக் கொண்டுசெல்வதைத் தடைசெய்தது. அந்நியக் கலை எனப்பட்டது, ஒரு நூற்றாண்டினுள் காக்கப்படவேண்டிய தேசியச் செல்வமாயிற்று. பாமியன் குகையில் துறவியர்க்காகப் பயன்பட்ட எண்ணெய், பிளாந்தர்சில் முகமாகி, சென்னையில் வணிகப் பண்டமாகி, திருவனந்தபுரத்தில் இரவின் மறைவிற் கைமாறி, மாநிற மேனியின் ஒளியைக் காட்டும் கருவியாயிற்று. ஆதலின், கலையொன்று எவருடையது என்னும் வினாவுக்கு அதன் பிறப்பிடத்தை மட்டும் நோக்கி விடை காண்டல் இயலாது. அதனைக் கொண்டு தன் மக்களின் முகத்தை உண்மையாக நோக்கக் கற்றவனுக்கே அது உரியது.

இரவிவர்மாவின் புகழை எழுதுவோர் ஆறுமுகம்பிள்ளையை ஓரிரு வரிகளிற் கடந்து செல்வர். ஆயினும், அந்த இரவுகள் இல்லையேல் இவ்வரலாற்றின் ஒரு கண்ணி அறுந்திருக்கும். கல்லூரி மண்டபங்களிலே சட்டத்தினுள் அமர்ந்து நோக்கும் பெரியோரைத் தீட்டிய கைகளின் பின்னே, தாம் அறிந்ததைப் பிறர்க்கு மறைக்காத இத்தகைய ஆசிரியர் பலர் நிற்கின்றனர். அவர் உருவம் எச்சுவரிலும் இல்லை. அவர் கொடுத்த வித்தை எல்லாச் சுவர்களிலும் உண்டு.